ரேஞ்ச்ஃபைண்டரின் எடை இடது கைக்கு

கேள்வி இதுதான்: பழைய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (பார்க்க ஒரு ஜன்னல், படத்துக்குத் தனி லென்ஸ் என்று அமைந்த வகை) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் தட்டையாக, பிடிப்பதற்கு மேடு எதுவும் இல்லாமல், சோப்புக்கட்டி போல நழுவுகிறது. அரை மணி நேரம் கையில் வைத்திருந்தால் வலது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. முதல் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் பல படங்கள் லேசாக அசைந்திருக்கின்றன, இரண்டு படங்களின் மூலையில் சொந்த விரலே விழுந்திருக்கிறது. இதை எப்படித்தான் பிடிப்பது, மேலே ஒரு கைப்பிடி வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?

கைப்பிடி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வலி, அசைவு, விரல் மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கேமராவின் எடையை நீங்கள் வலது கையில் சுமக்கிறீர்கள். இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் வலது பக்கம் ஒரு மேடு இருக்கிறது. நான்கு விரல்களால் அதை வளைத்துப் பிடித்து ஒற்றைக் கையாலேயே தூக்கிப் பழகிவிட்டோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த மேடு கிடையாது. 1925-இல் வந்த முதல் லைக்கா தொடங்கி, ஒரு பக்கம் ஃபிலிம் சுருள், மறுபக்கம் அதைச் சுற்றிக்கொள்ளும் உருளை, நடுவில் படம் விழும் சட்டம், இவற்றைச் சுற்றி ஒட்டப் போர்த்திய உலோகக் கூடுதான் இந்த உடம்பு. இரண்டு முனையும் உருண்டிருக்கும், நடுவில் தட்டை. 1954-இல் வந்த லைக்கா எம்3 லென்ஸ் இல்லாமலே 600 கிராமை நெருங்கும். யாஷிகா எலெக்ட்ரோ 35 லென்ஸோடு சேர்த்து ஏறக்குறைய முக்கால் கிலோ. இந்த எடையை விரல் நுனிகளுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்தால் வலிக்கத்தான் செய்யும். கிள்ளிய கை நடுங்கும், அதே கையின் சுட்டுவிரல் ஷட்டரை அழுத்தும்போது அந்த நடுக்கம் படத்தில் இறங்கிவிடும்.

எடை இடது உள்ளங்கைக்குப் போக வேண்டும். வலது கைக்கு வேறு வேலை இருக்கிறது: ஷட்டரை அழுத்துவது, ஃபிலிமை நகர்த்துவது.

இடது உள்ளங்கையை மேல்நோக்கி விரியுங்கள். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைப்பற்றான மேட்டின்மேல் கேமராவின் இடது அடிமூலையை உட்கார வையுங்கள். எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா பழகியவர்கள் இங்கே உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுப்பார்கள். அது இதற்குப் பொருந்தாது. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களில் பல மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம்தான், உள்ளங்கை வைக்க அங்கே இடமே இல்லை. ஆகவே உள்ளங்கை உடம்பைத் தாங்கட்டும், விரல்கள் மட்டும் முன்னால் நீண்டு லென்ஸைத் தொடட்டும். 35 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையத்தின் அடியில் பிறை போல வளைந்த சிறு நாக்கு இருக்கும். சுட்டுவிரலோ நடுவிரலோ எது எட்டுகிறதோ அதைக் கீழிருந்து அந்தப் பிறைக்குள் பொருத்துங்கள். நாக்கு இல்லாத லென்ஸ் என்றால் கட்டைவிரல் ஒரு பக்கம், சுட்டுவிரல் மறுபக்கம், இரண்டும் லென்ஸின் கீழ்ப்பாதியில். மேலிருந்து பிடிக்கவே வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது வலது கை. நடுவிரலும் மோதிரவிரலும் முன்பக்கத் தோலின்மேல் சாய்ந்திருந்தால் போதும். சுண்டுவிரலுக்குப் பலருக்கு இடம் கிடைக்காது, அதை மடக்கி அடித்தட்டின் கீழே கொடுங்கள். எடையில் சின்னப் பங்கை அது வாங்கிக்கொள்ளும், கேமரா கீழே வழுக்குவதையும் தடுக்கும். கட்டைவிரல் பின்பக்கம், ஃபிலிமை நகர்த்தும் லீவருக்குக் கீழே. பல கேமராக்களில் லீவரைச் சற்று வெளியே இழுத்தால் ஓர் இடத்தில் தானாக நிற்கும். லீவருக்கும் உடம்புக்கும் நடுவே உண்டாகும் அந்த இடுக்கில் கட்டைவிரலின் பக்கவாட்டை நுழைத்துக்கொள்ளலாம். கைப்பிடி இல்லாத கேமராவில் இருக்கிற நல்ல பிடிமானம் இதுதான். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பிடி சரியா என்று பார்க்க ஒரு சோதனை. கேமராவைக் கண்ணருகே வைத்துக்கொண்டு வலது கையை மெதுவாக முழுவதும் எடுத்துவிடுங்கள், கழுத்தில் பட்டை இருக்கட்டும். கேமரா இம்மியும் இறங்காமல் நின்றால் எடை இடது கையில் இருக்கிறது. வலது பக்கம் சாய்ந்தால் இடது உள்ளங்கையை இன்னும் உள்ளே, லென்ஸின் அடியை நோக்கி நகர்த்துங்கள். என் மேசையருகே உட்கார்ந்து தினமும் சில நிமிடம் இதையே செய்து பார்த்தேன், பத்து நாளில் வலது கட்டைவிரல் வலி போய்விட்டது. பிடியை மாற்றியும் மணிக்கட்டிலோ கட்டைவிரலிலோ வலி தொடர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, விரல் விவகாரம். எஸ்எல்ஆரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக வரும் காட்சி. விரல் குறுக்கே வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்வைக்குத் தனி ஜன்னல், படத்துக்குத் தனி லென்ஸ். லென்ஸ் முன்னால் விரல் இருந்தாலும், பட்டை தொங்கினாலும், மூடியைக் கழற்ற மறந்திருந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி பளிச்சென்றுதான் இருக்கும். அதனால் இந்தக் கேமராவில் விரலின் இடத்தைக் கண் சொல்லாது, விரலேதான் சொல்ல வேண்டும். நான் எப்போதும் லென்ஸின் முனையில் ஒரு ஹூட் (வெயில் மறைப்பு வளையம்) மாட்டி வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். வெயிலை மறைப்பது இரண்டாம்பட்சம். விரல் முன்னால் நகர்ந்தால் ஹூட்டின் விளிம்பு தட்டும், உடனே பின்வாங்கிக்கொள்ளலாம். சின்ன லென்ஸ்களுக்கு இது ஒரு வேலி.

மறைக்கக் கூடாதவை லென்ஸ் மட்டுமல்ல. லைக்கா எம் வகைக் கேமராவின் முகத்தில் மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன. ஓரத்தில் பெரிய பார்வை ஜன்னல், நடுவில் வெண்மையான மங்கல் கண்ணாடி, அதை ஒட்டிச் சின்னதாக ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல். சின்ன ஜன்னலை விரல் மூடினால் ஃபோகஸ் பார்க்க நடுவில் தெரிய வேண்டிய இரட்டை உருவம் காணாமல் போகும். மங்கல் கண்ணாடியை மூடினால் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோடுகள் மங்கிவிடும். கேமராவில் கோளாறு என்று நினைத்து ரிப்பேருக்குக் கொண்டு போவதற்கு முன்னால் உங்கள் இடது சுட்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லென்ஸை மேலிருந்து பிடிக்க வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான்.

உங்கள் கேமரா எந்த வகை என்று கேள்வியில் இல்லை, எனவே இரண்டு விதிவிலக்குகளைச் சொல்லிவிடுகிறேன். 1936-இல் வந்த காண்டாக்ஸ் 2, அதன் வழிவந்த கீவ் கேமராக்கள் ஆகியவற்றில் பார்வை ஜன்னலுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலுக்கும் நடுவே 90 மி.மீ. இடைவெளி. இந்த இடைவெளி கூடக்கூட ஃபோகஸ் துல்லியமாகும், அது நல்லதுதான். ஆனால் சின்ன ஜன்னல் வலது கையின் விரல்கள் இயல்பாக வந்து படியும் இடத்திலேயே அமைந்துவிட்டது. அதை மூடாமல், ஷட்டர் பட்டனுக்கு முன்னால் இருக்கும் ஃபோகஸ் பற்சக்கரத்துக்கு விரலைக் கொடுத்து, மற்ற விரல்களைக் கீழே இறக்கி மடக்குவார்கள். இதற்குக் காண்டாக்ஸ் பிடி என்றே பெயர் விழுந்துவிட்டது. முதல் வாரம் விசித்திரமாக இருக்கும், அப்புறம் கை ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, எம்3-க்கு முந்திய திருகு லென்ஸ் லைக்காக்கள், அவற்றைப் பின்பற்றிய ஃபெட், ஸோர்க்கி கேமராக்கள். இவற்றில் மேல்தட்டில் உள்ள ஷட்டர் வேகச் சக்கரம் படம் எடுக்கும் நொடியில் தானும் சுழலும். சுட்டுவிரலின் பக்கவாட்டு அதில் உரசினால் ஷட்டர் திரையின் ஓட்டமே தடைபட்டு, எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு, கெட்டுவிடும். விரலைச் சக்கரத்தின்மேல் சாய்க்காமல், பட்டனுக்கு நேர்மேலிருந்து இறக்குங்கள்.

கைகள் இரண்டும் இடத்தில் அமர்ந்த பிறகு மூன்றாவது தாங்கல் முகம். பார்வைத் துளை கேமராவின் இடது கோடியில் இருப்பதால் வலது கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கு கேமராவுக்கு வெளியே போய்விடும். பின்தட்டு வலது கன்னத்தில் படியும். புருவ எலும்பில் மேல்விளிம்பு, கன்ன எலும்பில் பின்தட்டு, இரண்டையும் லேசாக ஒட்டிக்கொண்டால் கேமரா தலையோடு ஒன்றாகிவிடும். இடது கண் திறந்தே இருக்கலாம், சட்டத்துக்குள் நுழையப் போகிறவரை அது முன்கூட்டியே பார்த்துவிடும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. மூக்கு பின்தட்டில் நசுங்கும், லீவரும் கட்டைவிரலும் வலது கண்ணைக் குத்த வரும். அவர்கள் லீவரை வெளியே இழுத்து வைக்காமல் உடம்போடு ஒட்டி வைப்பதும், ஃபிலிம் நகர்த்தும்போது கேமராவை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிக்கொள்வதும் நல்லது. இருந்தும், கண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன். எந்தக் கண் வலுவான கண்ணோ அதுதான் ஃபோகஸைச் சரியாகப் பிடிக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பார்வைத் துளையின் உலோக விளிம்பைக் கவனியுங்கள். பழைய கேமராக்களில் அது கண்ணாடியைக் கீறிவிடும், மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ளுங்கள். புருவத்தில் அழுத்த முடியாததால் வலது கட்டைவிரலின் முட்டியைக் கன்னத்தில் ஊன்றினால் அந்தக் குறை தீரும்.

முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான். இடது முழங்கையைச் சற்று முன்னால், நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தால் தாங்கல் இன்னும் நேராக இறங்கும். பாதங்கள் தோள் அகலத்துக்கு, ஒன்று அரையடி முன்னால். சுவரோ தூணோ கைக்கெட்டினால் சாய்ந்துகொள்ளுங்கள்.

பட்டனை அழுத்துவதில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. விரல் நுனியால் குத்துவது தவறு. சுட்டுவிரலைச் சற்று வளைத்து, முதல் கணுவின் அடிச்சதையைப் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தின்மேல் தட்டையாகக் கிடத்துங்கள். அங்கிருந்து விரலை மெல்ல உருட்டினால் பட்டன் தானாக இறங்கும், கேமராவின் உடம்பு இறங்காது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய இடத்தில் உருட்டத் தொடங்குங்கள். ஷட்டர் விழுந்ததும் விரலைச் சட்டென்று எடுக்காமல் ஒரு கணம் அழுத்தியபடியே விடுங்கள்.

இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. எஸ்எல்ஆரில் படம் பதியும் நொடியில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி மேலே எழும்பி உங்கள் பார்வை இருண்டுவிடும். கை அசைந்ததா இல்லையா என்று அந்த நொடியில் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் எழும்பக் கண்ணாடியே இல்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் காட்சி தெரிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே உங்கள் கை நடுக்கத்தை நீங்களே கண்ணால் பார்த்துத் திருத்தலாம். ஃபிலிம் போடாமல், வேகத்தை 1/15 நொடியில் வைத்து, தூரத்தில் உள்ள ஜன்னல் மூலை போன்ற ஒன்றைச் சட்டக் கோட்டின் மூலையோடு பொருத்துங்கள். அழுத்துங்கள். அந்த நொடியில் சட்டக் கோட்டின் மூலை எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். வலது பக்கம் கீழே துள்ளினால் விரலால் குத்துகிறீர்கள். மேலும் கீழுமாக ஆடினால் மூச்சு. இரண்டு பக்கமும் சின்னதாக நடுங்கினால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், தளர்த்துங்கள். இருபது, முப்பது முறை செய்தால் துள்ளல் குறைவது கண்ணுக்கே தெரியும். கையில் பிடித்து எடுக்க 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடிக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான கணக்கு. இப்படிப் பழகிய கை 35 மி.மீ. லென்ஸில் 1/15 வரை தைரியமாக இறங்கலாம். 1/8-இலும் பல படங்கள் தேறும்.

நெடுவாக்கில் பிடிக்கும்போது இரண்டு வழி இருக்கிறது. வலது கை மேலே போனால் கேமராவின் உடம்பு நெற்றியில் ஊன்றிக்கொள்ளும், இடது உள்ளங்கை கீழ்முனையை முழுதாகத் தாங்கும். வலது முழங்கை மட்டும் காற்றில் நிற்கும். வலது கை கீழே வந்தால் முழங்கைகள் இரண்டும் உடம்போடு இருக்கும், ஆனால் மேலே போன இடது கை ஜன்னல்களை மூடிவிடும் ஆபத்து அதிகம். நான் முதல் வழியைத்தான் கையாளுகிறேன், நெற்றித் தாங்கலுக்காக.

அடுத்து, கீழே விழாமல் காப்பது. நிறையப் பேர் மணிக்கட்டுப் பட்டையை விரும்புகிறார்கள். நடந்துகொண்டே எடுப்பதற்கு அது கச்சிதம்தான். ஆனால் இரண்டு கையும் தேவைப்படும் நேரத்தில் கேமரா எங்கேயும் தொங்க முடியாது. எனக்குக் கழுத்துப் பட்டையே பிடிக்கும், நீளம் கேமரா மேல்வயிற்றில் நிற்கும் அளவு. அப்படி வைத்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் எடுக்கும்போது கேமராவை முன்னால் தள்ளிப் பட்டையை இழுத்துப் பிடித்தால் அது இன்னொரு தாங்கலாகும். நடக்கும்போது சுட்டுவிரல் பட்டனிலிருந்து விலகியிருக்கட்டும், ஒரு ஃபிலிமில் இருப்பது 36 படம்தான்.

பட்டையைவிட அது மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பட்டை முனையில் இருக்கும் எஃகு வளையம் ஆண்டுக்கணக்கில் உரசி, கேமராவின் காதை, அதாவது பட்டை மாட்டும் உலோக வளைவை, அறுத்துக்கொண்டே வரும். பழைய கேமராவில் அந்தக் காதில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதில் தொங்கவிடாதீர்கள். என்னுடைய வளையம் ஒன்று பிளவு விரிந்து ஒருநாள் கழன்றது, கை அடியில் இருந்ததால் கேமரா தப்பித்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பார்க்கிறேன். சில பழைய சோவியத் கேமராக்களில் பட்டை மாட்டக் காதே இருக்காது. அவற்றுக்கு அடியில் திருகி மாட்டும் தோல் உறைதான் வழி, உறையின் தையலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொங்கும்போது லென்ஸ் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். துணித்திரை ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. நேர் வெயிலை நோக்கி லென்ஸ் கொஞ்ச நேரம் நின்றால் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது போலத் திரையில் ஊசித்துளை விழுந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சப் புள்ளி. மேசையில் வைக்கும்போது லென்ஸ் வானத்தைப் பார்க்க வேண்டாம். வெயிலில் நடக்கும்போது மூடியைப் போடுங்கள், அல்லது லென்ஸை உடம்புப் பக்கம் திருப்புங்கள்.

கடைசியில் அந்தக் கைப்பிடி. மேலே சொன்னதெல்லாம் பழகிய பிறகும் நழுவுகிறது என்றால் வாங்கலாம், பெரிய கையுள்ளவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் கட்டைவிரல் தாங்கல் எனக்கு முன்பக்க மேட்டைவிடப் பயனுள்ளதாகப் பட்டது. லீவர் சுழலும் பாதையில் அது இடிக்கவில்லையா என்று மட்டும் வாங்குமுன் பாருங்கள். முக்காலித் துளையில் திருகும் கைப்பிடியோ, கேமராவின் கீழ்ப்பாதியை மட்டும் மூடும் அரை உறையோ வாங்கினால், அடித்தட்டைக் கழற்றி ஃபிலிம் போடும் கேமராக்களில் ஒவ்வொரு முறையும் அதையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கேமரா கைநழுவ அதிக வாய்ப்புள்ள நேரமும் அந்த ஃபிலிம் மாற்றும் நேரம்தான். லைக்கா எம் வகையில் அடித்தட்டு தனியாகக் கையோடு வந்துவிடும். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் ஃபிலிம், தட்டை வைக்க மூன்றாவது கை இல்லாமல் பலர் பல்லில் கவ்விக்கொள்வார்கள். நின்றுகொண்டு செய்யாதீர்கள். பட்டை கழுத்திலேயே இருக்கட்டும், எங்காவது உட்கார்ந்து கேமராவை மடியில் தலைகீழாக வைத்து, கழற்றிய தட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு ஃபிலிம் டப்பாவைத் திறங்கள்.